வீட்டிலேயே கார் பாலிஷ்: என்னிடம் மாறாமல் வருகிற கேள்விகள்

நாகர்கோவிலில் வீட்டு கார் ஷெட்டில் என் வண்டிக்கு நானே மிஷின் பாலிஷ் போட ஆரம்பித்தேன். அதைப் பார்த்துவிட்டு அத்தான் வண்டி, சித்தப்பா வண்டி, பக்கத்து வீட்டு சார் வண்டி என்று வரிசையாக வந்து நின்றுவிட்டன. எனக்குக் கடை கிடையாது, யாரிடமும் காசும் வாங்கியதில்லை. கேள்விகள் மட்டும் ஒன்று போலவே வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸப்பில் ஆடியோ அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வெயிலில் நிறுத்தினால் பெயிண்டில் சிலந்தி வலை மாதிரி தெரிகிறதே, அது என்ன?

பொடிக் கீறல்கள். வட்டமாகத் தெரிவதால் யாரோ வட்டமாகத் துடைத்ததால் வந்தது என்று நினைப்போம், அது பாதிதான் சரி. பெயிண்ட் முழுக்க எல்லாத் திசையிலும் ஆயிரக்கணக்கில் கீறல்கள் கிடக்கின்றன. சூரியனோ டார்ச்சோ எங்கே பிரதிபலிக்கிறதோ அந்தப் புள்ளியைச் சுற்றி, ஒளிக்குக் குறுக்கே விழுந்த கீறல்கள் மட்டும் மின்னுவதால் நம் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. போன் டார்ச்சைப் பானெட்டுக்கு மேலே மெதுவாக நகர்த்திப் பாருங்கள், வலையும் கூடவே நகரும்.

காரணம் பெரும்பாலும் நாமேதான். காலையில் ஆபீஸ் போகும் அவசரத்தில், தூசி படிந்த வண்டியை டிக்கியில் கிடக்கும் காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுக்கிறோமே, அதுதான்.

பாலிஷ் போட்டால் கீறல் நிரம்பிவிடுமா?

நிரம்பாது. கீறலைச் சுற்றி உயர்ந்து நிற்கும் பகுதியைத் தேய்த்து, கீறலின் அடி வரைக்கும் சமமாக்குகிறோம், அவ்வளவுதான். அதாவது பெயிண்ட் குறைகிறது.

எவ்வளவு இருக்கிறது குறைவதற்கு? இப்போதைய கார்களில் கம்பெனி பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் ஏறக்குறைய 40, 50 மைக்ரான். நம் தலைமுடியே 70 மைக்ரான் தடிமன் இருக்கும், அதைவிட மெல்லிசு. கனமாக ஒரு தடவை கம்பவுண்ட், அதாவது பெயிண்டைத் தேய்த்தெடுக்கிற பசை, போட்டால் ஓரிரண்டு மைக்ரானிலிருந்து நாலைந்து வரை போகும். சந்தனம் அரைக்கிற கணக்குதான், வாசனை வர வரக் கட்டை தேயும். அதனால்தான் வருஷா வருஷம் "முழு பாலிஷ் போட்டுத் தா" என்று கேட்கிறவர்களிடம் நான் முடியாது என்கிறேன்.

சில பாலிஷ்களில் கீறலை எண்ணெயாலும் மெழுகாலும் அடைக்கும் சரக்கு கலந்திருக்கும். அன்றைக்குப் பளபள என்று இருக்கும், நாலு மழையில் பழைய கீறல் எல்லாம் திரும்ப வந்து நிற்கும்.

நம்ம ஊரில் மட்டும் கீறல் சீக்கிரம் விழுகிறது என்கிறார்களே, உண்மையா?

கடற்கரைக்குப் போய் வருகிற வண்டி என்றால் உண்மைதான், அதற்குக் காரணமும் இருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருப்பும் சிவப்புமாக மணல் கிடக்கிறதல்லவா, மத்திய அரசின் ஐஆர்இஎல் ஆலை அள்ளிப் பிரிக்கிற மணல், அதில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட் எல்லாம் கலந்திருக்கின்றன. சிவப்பாகத் தெரிவது கார்னெட். தச்சர்கள் மரம் தேய்க்கிற உப்புத்தாளில் ஒட்டியிருப்பதும், தண்ணீர் பீய்ச்சி இரும்பு அறுக்கிற மிஷினில் தண்ணீரோடு கலந்து விடுவதும் இதே கார்னெட்தான். கண்ணாடியைவிடக் கடினமான சாமான். சிர்கானும் அப்படியே.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முட்டத்திலோ மண்டைக்காட்டிலோ மணலோரம் வண்டியை நிறுத்திக் கடலை சாப்பிட்டுக் கடல் பார்த்துவிட்டு வருகிறோம். காற்று அந்த மணலைக் கதவிலும் பின்பக்கத்திலும் தூவி வைத்திருக்கிறது, கூடவே உப்புச் சாரல் அதை ஒட்டவும் வைத்திருக்கிறது. மறுநாள் காலையில் காய்ந்த துணி. உப்புத்தாளைக் கையில் எடுத்துக் கதவைத் தேய்த்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரு தடவை சித்தப்பா வண்டியின் டிக்கி விளிம்பில் தேங்கியிருந்ததை விரல் நுனியில் எடுத்து டார்ச் அடித்துக் காட்டினேன். மாதுளை முத்துப் பொடி மாதிரி சிவப்புச் சிவப்பாக மின்னியது. அன்றைக்கு அவர் அந்தத் துணியைத் தூக்கிப் போட்டார்.

அப்போ எப்படிக் கழுவ வேண்டும்?

மிஷின் வாங்கும் முன் இதைப் படியுங்கள். கழுவத் தெரியாதவர் பாலிஷ் போட்டால் ஒரு மாதத்தில் கீறல் திரும்ப வந்துவிடும், கிளியர் கோட் போனதுதான் மிச்சம்.

முதலில் கை படாமல் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழாக நன்றாக அடித்து ஓட்டுங்கள். மணல் போவது இந்தக் கட்டத்தில்தான், அவசரப்பட வேண்டாம். அப்புறம் இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் சும்மா தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் முக்கி ஒரு பேனல் தேய்த்ததும், மறுபடி ஷாம்பில் முக்குவதற்கு முன்னால் சும்மா தண்ணீர் வாளியில் அலசுங்கள். வண்டி முடியும்போது அந்த இரண்டாவது வாளியின் அடியில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள், அதெல்லாம் பெயிண்டில் உருண்டிருக்க வேண்டியது. கூரை, பானெட், கண்ணாடி முதலில். கதவின் கீழ்ப்பகுதியும் பம்பரும் கடைசியில். சக்கரத்துக்குத் தனித் துணி.

பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீர் வேண்டாம், போட்டிருக்கிற மெழுகை எல்லாம் அதுதான் கழுவிக்கொண்டு போகும். ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கிற பனியன் வேஸ்ட்டும் வேண்டாம், அதன் தையல் முடிச்சே கீறும். தடித்த மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள். அந்தத் துண்டைத் துவைக்கும்போது துணிக்கு மணம் ஊட்டுகிற கண்டிஷனர் சேர்க்காதீர்கள், நார் அடைபட்டு அப்புறம் தண்ணீரே உறிஞ்சாது.

வாட்டர் சர்வீஸில் விட்டால் போதாதா?

அடிப்பக்கம் சேறு போக நானும் அங்கேதான் விடுகிறேன். "மேலே துணி போடாதீங்கண்ணே, தண்ணி மட்டும் அடிங்க" என்று சொல்லிவிடுவேன். காலையிலிருந்து பத்து வண்டி துடைத்த துணி அது, அவர்களையும் குறை சொல்ல முடியாது.

கழுவின பிறகும் பெயிண்ட் சொரசொரப்பாக இருக்கிறதே?

ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு ஈரமான பெயிண்டில் தடவிப் பாருங்கள், வெறுங்கைக்குத் தெரியாததெல்லாம் தெரியும். அது பிரேக் தூசி, தார், ரோட்டில் பறக்கிற இரும்புத் துகள். ரயில்வே ஸ்டேஷனில் தினமும் வண்டியை விட்டுவிட்டு ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் வண்டியில் இரும்பு இன்னும் அதிகம். வெள்ளை வண்டியில் ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரிவது இதுதான், பெயிண்ட் துருப்பிடித்துவிட்டது என்று பயந்து ஓடி வருவார்கள்.

அயர்ன் ரிமூவர் அடித்தால் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதாவாக மாறி வழியும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், காயும் முன் கழுவிவிட வேண்டும். மிச்சத்துக்குக் களிமண் மாதிரி இருக்கும் கிளே பார். ஷாம்புத் தண்ணீர் தாராளமாக விட்டு, அழுத்தாமல் வழுக்க விடுங்கள். கிளே பார் கீழே விழுந்தால் அதைக் குப்பையில் போட்டுவிடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள்.

எந்த மிஷின் வாங்கலாம்?

வீட்டுக்கு என்றால் டிஏ, வேறு பேச்சே இல்லை. டிஏ என்கிற டூயல் ஆக்‌ஷனில் பேட், அதாவது பெயிண்டில் படுகிற மெத்தை வட்டு, தன் அச்சிலும் சுற்றும், மையம் விலகி ஆடவும் செய்யும். அதிகமாக அழுத்தினாலோ ஓரத்தில் சாய்த்தாலோ சுற்றுவது நின்றுவிடும், வெறுமனே ஆடிக்கொண்டிருக்கும். அதனால் சூடு ஏறிப் பெயிண்ட் கருகுவது அபூர்வம். ரோட்டரி அப்படியில்லை. நீங்கள் அழுத்தினாலும் அது ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கை தேர்ந்த பெயிண்டர் கையில் அது வேகமான ஆயுதம், பழகாதவர் கையில் ஆபத்து. 15 மில்லிமீட்டர் ஆட்டம் உள்ள டிஏ பெரிய பேனலுக்கு வேகமாகப் போகும். 8 மில்லிமீட்டர் சிறிய வளைவுகளுக்கும் முதல்முறை பிடிக்கிறவர்களுக்கும் வசதி.

டிரில் மிஷினில் மாட்டுகிற பேட், கல் அறுக்கிற கிரைண்டரில் மாட்டுகிற பேட் எல்லாம் ஆன்லைனில் மலிவாக வரும். கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் போகும். பாலிஷுக்குத் தேவை அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

எந்த கம்பவுண்ட், எந்த பேட்?

தெரியாது, உங்கள் வண்டியைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒரே கம்பெனியில்கூட நிறத்துக்கு நிறம் கிளியர் கோட்டின் கடினம் மாறுகிறது. அதனால் பானெட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடத்தை டேப்பால் கட்டம் கட்டி, மிக மென்மையான ஜோடியில் தொடங்குங்கள், அதாவது ஃபினிஷிங் பாலிஷும் மெத்தென்ற ஃபோம் பேடும். டார்ச் அடித்துப் பாருங்கள். எழுபது எண்பது சதவீதம் போயிருந்தால் அதுவே போதும், முழு வண்டிக்கும் அதையே போடுங்கள். போகவில்லை என்றால்தான் கொஞ்சம் கடினமான பேட், அதற்கும் அசையவில்லை என்றால்தான் கட்டிங் கம்பவுண்ட். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

பேட் நாலைந்தாவது வேண்டும். ஒரே பேடில் முழு வண்டியையும் முடிக்கப் பார்த்தால், பாதியில் அது நனைந்த பஞ்சாகிச் சுற்றாமல் நின்றுவிடும்.

சரி, மிஷினைக் கையில் பிடித்தாச்சு. இனி?

ஆன் செய்யும் முன்: வயரைத் தோள்மேல் போட்டுக்கொள்ளுங்கள், பெயிண்டில் உரசக் கூடாது. தரையில் தண்ணீர் நிற்கக் கூடாது. கருப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், லோகோ எல்லாவற்றையும் டேப் போட்டு மறைத்துவிடுங்கள், கம்பவுண்ட் அங்கே காய்ந்தால் வெள்ளையாக உட்கார்ந்துகொண்டு போகவே போகாது.

பேடில் பயறு அளவு நாலு துளி. மிஷினைப் பெயிண்டில் வைத்த பிறகு ஸ்விட்சைப் போடுங்கள். முதலில் ஸ்விட்சைப் போட்டால் கம்பவுண்ட் உங்கள் சட்டையிலும் சுவரிலும் இருக்கும், எங்கள் ஷெட் சுவரில் இன்னும் இருக்கிறது. குறைந்த வேகத்தில் பரப்பி, அப்புறம் மிஷினின் வேக எண்ணை நாலு அல்லது ஐந்துக்கு ஏற்றுங்கள். கை நகர்வது பையப் பைய இருக்க வேண்டும், விநாடிக்கு ஒரு அங்குலம். முதலில் இடம் வலமாக, ஒரு வரிசை முந்தின வரிசையின் பாதியை மூடும்படி. அடுத்து மேல் கீழாக. இப்படி நாலு சுற்று. மிஷினின் எடையோடு கொஞ்சம் கை எடை, அவ்வளவே.

பேட் மாட்டுகிற தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது நின்றால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. சத்தத்திலேயே தெரிய ஆரம்பிக்கும், சரியாகச் சுற்றும்போது ஒரே சுதியில் இரையும், நின்றால் கடகட என்று கை முழுக்க அதிரும்.

நாலு சுற்று முடியும்போது கம்பவுண்ட் மெல்லிய எண்ணெய்ப் படலம் மாதிரி கண்ணாடியாகத் தெரியும். அங்கே நிறுத்துங்கள். துடைத்து, பேடைப் பிரஷால் சுத்தம் செய்து, அடுத்த கட்டம். முதல்முறை ஒரு கார் முடிய எனக்கு இரண்டு நாள் ஆனது.

எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

ஓரங்களில். பானெட் விளிம்பு, கதவில் ஓடும் மடிப்புக் கோடு, வீல் ஆர்ச் முனை இங்கெல்லாம் பெயிண்ட் மெல்லிசாகத்தான் நிற்கும், பேடின் முழு பலமும் ஒரு நூல் அகலத்தில் இறங்கும்.

இது நான் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. ஆரம்பத்தில் ஒரு நண்பரிடம் ரோட்டரி இரவல் வாங்கி அத்தானின் கருப்பு வண்டிக்குப் போட்டேன். இடது பின்கதவின் மடிப்புக் கோட்டில், ஒரு கீறல் போகவில்லை என்று ரெண்டு தடவை கூடுதலாக ஓட்டினேன். துடைத்தால் தீக்குச்சி நீளத்துக்கு மங்கலாக ஒரு சாம்பல் கோடு. அழுக்கு என்று நினைத்து மறுபடி துடைத்தேன், போகவில்லை. கிளியர் கோட்டும் போய், கருப்பும் போய், அடியில் இருக்கும் ப்ரைமர் பூச்சு எட்டிப் பார்க்கிறது. அத்தான் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "சரி விடுடே, தள்ளி நின்னு பாத்தா தெரியாது" என்றார். அக்காதான் விடவில்லை. அந்தக் கதவைப் பெயிண்ட் அடித்துத் தந்த செலவில் நல்ல டிஏ மிஷினே வாங்கியிருக்கலாம். இப்போது எல்லா மடிப்புக்கும் டேப் ஒட்டிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

பிளாஸ்டிக் பம்பரும் அப்படியே, சூடு வெளியேறாமல் அங்கேயே தங்கும், வேகத்தைக் குறையுங்கள். ஏற்கெனவே டிங்கர் வேலை பார்த்துப் பட்டி வைத்து அடித்த பேனல் என்றால் கிளியர் கோட் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, மென்மையாகத் தொட்டுவிட்டு விட்டுவிடுங்கள். பேடில் வண்டியின் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள், ஒன்று கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயிண்ட், இல்லையென்றால் கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். மேட் ஃபினிஷ் வண்டியை மிஷினால் தொடவே கூடாது.

சாவியால் கிழித்த கோடு போகுமா?

நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் மாட்டினால் போகாது, ஓரம் மழுங்கிக் கொஞ்சம் கண்ணுக்குத் தெரியாமல் ஆகும், அவ்வளவுதான். அதையே துரத்திக்கொண்டு போகாதீர்கள்.

களியக்காவிளை ரோட்டில் டிப்பர் லாரிக்குப் பின்னால் போய்ப் பானெட்டில் வாங்கின கல்லடிகளுக்கும் பாலிஷ் மருந்து இல்லை. டச்சப் பெயிண்டைத் தீக்குச்சி முனையில் எடுத்து உடனே அடையுங்கள், நம் உப்புக் காற்றுக்கு அந்த ஓட்டை போதும் துருவைத் தொடங்க.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

நிழல் வேண்டும், பேனலைத் தொட்டால் குளுமையாக இருக்க வேண்டும். சூடான பானெட்டில் கம்பவுண்ட் நொடியில் காய்ந்து பொடியாகும், அந்தப் பொடியே கீறும். நமக்கு ஜூனிலிருந்து ஒரு மழை, அக்டோபரிலிருந்து இன்னொரு மழை, அதனால் நான் ஜனவரி, பிப்ரவரிக் காலை நேரங்களைப் பிடித்துக்கொள்வேன். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்துக்காரர்கள் ஆனி ஆடியில் திறந்த வெளியில் இதைத் தொடாதீர்கள், காற்றாலை சுற்றுகிற காற்று அது, துடைத்துத் திரும்புவதற்குள் அடுத்த தூசி வந்துவிடும். தென்னைக்குக் கீழே வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஆனால் போன வருஷம் ஒருவர் அப்படித்தான் நிறுத்தியிருந்தார்.

பாலிஷ் முடிந்ததும் என்ன போட வேண்டும்? செராமிக் கோட்டிங் போட்டே ஆக வேண்டுமா?

முதலில் தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒரு முறை துடையுங்கள். கம்பவுண்டில் இருக்கும் எண்ணெய் கீறலை மறைத்து ஏமாற்றும், அதைத் துடைத்த பிறகு தெரிவதுதான் உங்கள் வேலையின் உண்மை முகம்.

அப்புறம் பாதுகாப்பு. கார்னோபா மெழுகு பிரேசிலில் வளர்கிற ஒரு பனை இனத்தின் ஓலையிலிருந்து வருவது, பார்க்க அழகு, ஆனால் நம் வெயிலுக்கும் மழைக்கும் சில வாரம், மிஞ்சினால் இரண்டு மாதம். சிந்தெடிக் சீலன்ட் சில மாதங்கள் நிற்கும், போடுவதும் சுலபம், வீட்டில் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

செராமிக் நல்ல சரக்குதான், வருஷக்கணக்கில் நிற்கும், தண்ணீர் முத்து முத்தாக ஓடும். ஆனால் ஒரு இடத்தில் துடைக்க மறந்தால் அது அப்படியே கறையாக இறுகி, மறுபடி மிஷின் போட்டுத்தான் எடுக்க வேண்டும். போட்ட பிறகு குறைந்தது ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது. 9எச் என்று விளம்பரத்தில் போடுவது பென்சில் முனையால் கீறிப் பார்க்கிற அளவுகோல், வைரத்தின் அளவுகோல் அல்ல. செராமிக் போட்ட வண்டியையும் மணலோடு காய்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழத்தான் செய்யும்.

போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளைப் புள்ளி விழுகிறதே?

கடலோரத்துப் போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். வெயிலில் கழுவிக் காயவிட்டால் தண்ணீர் போகும், அவை தங்கும். செராமிக் போட்டாலும் இது விழும். புதுப் புள்ளி என்றால் வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்துத் துடைத்து, நன்றாகக் கழுவிவிடுங்கள். நாள்பட்டு பெயிண்டைக் குழித்துவிட்டால் பாலிஷ்தான். கடைசி அலசலுக்கு மட்டும் ரெண்டு வாளி மழைத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ எடுத்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

மாம்பால், சக்கைப் பால் (பலாப் பால்), வௌவால் எச்சம்?

சக்கை வெட்டும் முன் கையில் தேங்காய் எண்ணெய் தடவுகிறோமே, அதே வைத்தியம்தான் வண்டிக்கும். எண்ணெயை நனைத்த துணியைப் பால் மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்து, இளகினதும் வழித்து எடுத்து, ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். கல்யாண வண்டியில் பூ ஒட்டின டேப்பின் பசைக்கும் இதுவே. மாம்பாலும் எச்சமும் அப்படிக் காத்திருக்காது, ஒரு வெயிலில் கிளியர் கோட்டைத் தின்றுவிடும். பார்த்த உடனே தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு எடுங்கள், சுரண்டாதீர்கள்.

மஞ்சளான ஹெட்லைட்டுக்கும் இதே மிஷின் ஆகுமா?

ஆகும். 1000, 2000, 3000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீர் விட்டு வரிசையாகத் தேய்த்து, அப்புறம் கம்பவுண்ட். ஆனால் மஞ்சளோடு சேர்ந்து அதன் மேலிருந்த வெயில் தடுப்புப் பூச்சும் போய்விட்டது, புதிதாக ஏதாவது கோட்டிங் போடாவிட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள்.

பற்பசை, மண்ணெண்ணெய்?

பற்பசை பல்லுக்கு. மண்ணெண்ணெய் துடைத்தால் எண்ணெய்ப் பளபளப்பு ஒரு நாள் இருக்கும், அதில் ஒட்டுகிற தூசி ஒரு வாரம் இருக்கும்.

எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை மிஷின் போடலாம்?

ஒழுங்காகக் கழுவினால் மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஃபினிஷிங் பாலிஷ் மட்டும். என் வெள்ளை வண்டிக்கு 2021இல் போட்டது, இன்னும் தொடவில்லை. வெள்ளையில் கீறல் அவ்வளவாகத் தெரியாது என்பதும் காரணம், ஒத்துக்கொள்கிறேன். அத்தான் அடுத்ததும் கருப்பு வண்டிதான் எடுப்பேன் என்று நிற்கிறார்.